பதினான்காவது வரிக்கு ஒரு விளக்கம்

எனக்குப் பொதுவாகவே கோபம் அதிகம். தெரியாததை யாராவது கேட்டுவிட்டால் இன்னும் அதிகம். அந்தக் கோபத்தையே அறிவு என்று நம்பும் நாலைந்து பேர் எனக்கு வாய்த்திருந்தார்கள். ஜுஹைர் அண்ணன் சொன்னால் சரியாக இருக்கும் என்பார்கள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடை மாடியில் கூடுவோம். இணையத்தில் வரும் புரோகிராமிங் சவால் ஒன்றை வாரம் ஒன்றாக எடுத்து, அவரவர் போட்ட விடையைப் பேசுவோம். வாட்ஸ்அப் குழுவில் முதலில் விடை போட்டவர்தான் அன்றைக்குப் பேச வேண்டும். லேப்டாப் கூடாது. மேசையில் விரிக்கும் வெள்ளைத் தாளில் பேனாவால் எழுதி, வரி வரியாக விளக்க வேண்டும். சட்டம் போட்டது நான். பெரும்பாலும் முதலில் விடை போடுவதும் நான்தான்.

லோகேஸ்வரி கிள்ளானிலிருந்து கொமூட்டர் ரயிலில் வருவாள். அதன் பக்கத்து ஊரான மேருவில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கிளார்க். புரோகிராமிங்கைத் தானாகவே படித்தவள். அந்தத் தொழிற்சாலையை மாதக் கடைசியில் மூடப்போகிறார்கள். என் அலுவலகத்தில் ஜூனியர் இடம் ஒன்று காலியாக இருந்தது. அவளைப் பற்றி என் மேலாளர் செல்வகுமாரிடம் நான்தான் சொன்னேன். நேரிலேயே பார்க்கிறேன் என்று அவரும் அந்தச் சனிக்கிழமை கிளம்பி வந்துவிட்டார்.

அந்த வாரச் சவால் இதுதான். வெவ்வேறு எடையுள்ள பெட்டிகள் வரிசையாக நிற்கின்றன. வரிசை மாறாமல் பத்து லோரிகளில் ஏற்ற வேண்டும். ஆகக் குறைவாக எவ்வளவு எடை தாங்கும் லோரி போதும்? மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன், வரவில்லை. பாஸ் முன்னால் வாயை மூடிக்கொண்டு உட்காருவதா? வெள்ளிக்கிழமை மதியம் அந்தத் தளத்தின் விவாதப் பக்கத்தைத் திறந்தேன். மேலே இருந்த பிரபலமான விடைகளைத் தொடவில்லை, அவற்றை எல்லோரும் படித்திருப்பார்கள். அடியில், மூன்றே பேர் விரும்பியிருந்த ஒன்றை எடுத்தேன். எழுதியவர் பெயர் வெறும் எண்கள். நிரலுக்குள் இருந்த சில பெயர்களை மாற்றி, என்னுடையது என்று குழுவில் போட்டேன். வெட்கக்கேடு, திருடுவதிலும் எனக்கு ஒரு நேர்த்தி இருந்தது.

மறுநாள் தாளில் எழுதி விளக்கினேன். பதின்மூன்று வரி நன்றாகவே போனது. எங்கள் குழுவில் ஒருத்தியான ருமானா குறுக்கிட்டாள். அவளுக்கு எதையும் சும்மா விடத் தெரியாது.

"பதினாலாவது வரி எதுக்குண்ணே? பெட்டிய எடைப்படி அடுக்கி ஒரு காப்பி எடுக்கிறீங்க. அப்புறம் அத எங்கயுமே யூஸ் பண்ணலையே?"

அப்போதுதான் அந்த வரியை நான் ஒழுங்காகப் பார்த்தேன். கோபம் வந்தது.

"சின்ன லிஸ்ட்ல ஒன்னும் தெரியாதுலா. லட்சம் பெட்டி வரட்டும், மெமரிய முன்கூட்டியே தயார் பண்ணி வைக்கணும். அனுபவத்துல வர்றது அது."

ருமானா தலையாட்டினாள். லோகேஸ்வரி என்னைப் பார்த்துவிட்டு, சட்டென்று தே தாரேக் டீ கிளாஸுக்குள் பார்வையை இறக்கிக்கொண்டாள்.

"நீங்க எப்படிமா போட்டீங்க?" என்று செல்வகுமார் அவளைக் கேட்டார்.

"நான் போடல சார்."

"முயற்சியாவது பண்ணீங்களா?"

"முடியல சார்."

அவர் அரை மணி நேரத்தில் எழுந்துவிட்டார். படியில் இறங்கும்போது என்னிடம், "இந்தப் பிள்ளைக்கா இவ்ளோ சொன்னே?" என்றார். எனக்கு அவள்மேல்தான் எரிச்சலாக இருந்தது.

ஆறுதல் சொல்லலாம் என்று ஸ்டேஷன்வரை அவளோடு நடந்தேன். பெரிய மனசு எனக்கு. "இன்னும் பிராக்டிஸ் பண்ணணும். வேற கம்பெனி பார்க்கலாம்லா," என்றேன்.

கொமூட்டர் பிளாட்பாரத்தில் அவள் நின்றாள். "அண்ணே, அந்தப் பதினாலாவது வரி தேவையில்ல. டெஸ்ட் பண்றதுக்கு நான் போட்டது. எடுக்க மறந்துட்டேன்."

ஒரு நிமிடம் எனக்கு எதுவும் விளங்கவில்லை. விளங்கியபோது, அந்த எண் பெயருக்குப் பின்னால் இருந்தவள் என் எதிரில் நின்றாள்.

"ஸ்டோர்ல தினம் லோரிக்குப் பெட்டி பிரிக்கிறவ நான். வியாழக்கிழமையே அந்தத் தளத்துல போட்டுட்டேன். இன்னைக்குக் காலையில குரூப்ல போட்டு நேர்ல விளக்கலாம்னு இருந்தேன்."

"அங்கயே சொல்லியிருக்கலாமே!" அப்போதும் குரலை உயர்த்தினேன் நான்.

"சொன்னா யாரு நம்புவா? நீங்க சீனியர், நான் ஸ்டோர் கிளார்க். குரூப்ல உங்களோடதுதான் இருக்கு. உங்க பாஸ் அந்தப் பக்கத்தப் பார்த்தா, தேதியெல்லாம் பார்க்காம, நான் உங்கள காப்பி அடிச்சேன்னுதான் நினைப்பாரு. அதான் மேசையில உட்கார்ந்துகிட்டே போன்ல அழிச்சிட்டேன்."

போனில் அந்த விவாதப் பக்கத்தைத் தேடினேன். விடை இல்லை. நான் திருடியதற்கு அத்தாட்சி எதுவும் இல்லை. முதலில் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

அவள் எதிரிலேயே செல்வகுமாரை அழைத்தேன். "பாஸ், அந்த விடை என்னோடது இல்ல. லோகேஸ்வரி எழுதினது. நான் எடுத்து என் பேருல போட்டேன். அந்த வரிக்குச் சொன்ன விளக்கம் பொய்."

அவர் என்னைத் திட்டவில்லை, நேராக விஷயத்துக்கு வந்தார்.

"திங்கக்கிழமை பத்து மணிக்கு அந்தப் பிள்ளைய ஆபீஸுக்கு வரச் சொல்லு. கேள்விய நானே கேட்கிறேன். நீ அந்த ரூம்ல இருக்க வேணாம்."

அப்படியே அவளிடம் சொன்னேன். நன்றி சொல்வாளோ என்று ஒரு கணம் எதிர்பார்த்தேன், அந்தப் புத்தி மட்டும் போகவில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது கிள்ளான் ரயில் வந்து நின்றது.

பத்து மாதமாகச் சனிக்கிழமைதோறும் கிளம்பும்போது அவள், "வரேன்ணே" என்று கையசைப்பாள். அன்றைக்குப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் மரியாதையாகச் சொன்னாள்.

"வரேன், சார்."