சிலிண்டர் பெட்டியின் அடியில் ஓர் ஓட்டை

காக்களூர் தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கிறது ஜோஷ்வாவின் தகர ஷெட். பழைய வேன்களில் கட்டில், அலமாரி, அடுப்பு எல்லாம் பொருத்தி, உள்ளேயே சமைத்துத் தூங்கி ஊர் சுற்றத் தோதாக மாற்றித் தருவது அவன் தொழில். வலது கையில் இரண்டு விரல் கிடையாது. இருந்தும் அவன் வேலையில் ஒருவரும் குறை சொன்னதில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை, கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கிய பழைய வேன் ஒன்று ஷெட் வாசலில் வந்து நின்றது. இறங்கியவரை ஜோஷ்வா பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டான். மோகன்ராஜ்! எட்டு வருடத்துக்கு முன் அவன் வேலை பார்த்த கம்பெனியின் சூப்பர்வைசர்.

"ரிட்டயர் ஆயிட்டேன்பா. ஊட்டுக்காரம்மாவ கூட்டிக்கினு கன்னியாகுமரி வரைக்கும் ஒரு ரவுண்டு போவணும். நல்லா பண்ணிக் குடு," என்றார். அவருக்கு இவன் யாரென்றே தெரியவில்லை. காண்ட்ராக்ட் ஆளின் முகத்தை எந்த சூப்பர்வைசர் ஞாபகம் வைத்திருக்கிறார்?

அந்தக் கம்பெனியில் தகடு அடிக்கும் பிரஸ் மெஷினில் இரண்டு பட்டன் உண்டு. இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் பிரஸ் இறங்கும். கை உள்ளே சிக்காது. வேலை வேகமாக ஓடட்டும் என்று ஒரு பட்டனில் தீக்குச்சியைச் சொருகி, அமுங்கியபடியே நிறுத்தி வைத்தவர் இந்த மோகன்ராஜ்தான். விரல் போன அன்று ஜோஷ்வா தரையில் கிடந்து துடிக்கையில், அவர் முதலில் செய்த காரியம் அந்தத் தீக்குச்சியைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டது. பிறகு ரிப்போர்ட்டில் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதினார். வேலையும் போயிற்று. பாவி மனுஷன், ஆஸ்பத்திரிப் பக்கம்கூட எட்டிப் பார்க்கவில்லை.

'வா ராசா, ஒனக்காகத்தான் காத்துக்கினு இருந்தேன்,' என்று மனசுக்குள் கறுவியபடி ஜோஷ்வா வேலையை ஒப்புக்கொண்டான்.

சமையல் கேஸ் கசிந்தால் மேலே போகாது. கனமானது, தரையோடு தங்கிவிடும். அதனால் சிலிண்டர் பெட்டியின் அடியில், வேனின் தரையையும் சேர்த்துத் துளைத்து ஓர் ஓட்டை விடுவது ஜோஷ்வாவின் வழக்கம். கசிந்தது ரோட்டோடு போய்விடும். பத்து நாள் கழித்து வந்து பார்த்த மோகன்ராஜின் கண்ணில் அந்த ஓட்டைதான் முதலில் பட்டது.

"இன்னாப்பா இது? தூசு வரும், எலி வரும். அடைச்சிடு."

"கேஸ் போவறதுக்கு வச்சது சார்."

"முப்பது வருஷம் மெஷினோட பொழங்குனவன் நானு. எனக்கே பாடமா? அடைன்னா அடை!"

"அப்ப எழுதிக் குடுத்துடுங்க சார்."

'என் விருப்பப்படி ஓட்டை அடைக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ரிப்போர்ட்டில் பார்த்த அதே கோணல் எழுத்து.

அவர் தலை மறைந்ததும் ஜோஷ்வா தகடு வெட்டி, பசை பூசி, திருகு முடுக்கி ஓட்டையை அடைத்தான். பழி அவன் மேல் வராது, காகிதம் இருக்கிறது. என்றோ ஒரு நாள் அடுப்பைப் பற்றவைக்க அவர் கிழிக்கப்போகும் தீக்குச்சியை நினைக்க நினைக்க அவனுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

வேனை எடுக்க வந்த அன்று மோகன்ராஜின் மனைவி அருணாவும் கூட வந்தார். கையோடு புதுத் தலையணை இரண்டு. கட்டிலில் படுத்தே பார்த்துவிட்டார். தலை வைத்த இடம் சரியாகச் சிலிண்டர் பெட்டிக்கு மேலே.

"நான் இங்கயே படுத்துக்கறேன். அவருக்குக் காத்து இல்லன்னா தூக்கம் வராது, ஜன்னலோரம் அவரு படுக்கட்டும்," என்றவர், சாவியை நீட்டிய ஜோஷ்வாவின் கையைப் பார்த்துத் திடுக்கிட்டார். "ஐயையோ, வெரலுக்கு இன்னா தம்பி ஆச்சு?"

இந்த அம்மா என்ன பாவம் செய்தார்? ஜோஷ்வா நீட்டிய சாவியைத் திரும்பப் பையில் போட்டான். திருப்புளியை எடுத்துக் குனிந்து, திருகுகளைக் கழற்றி, ஓட்டையை அடைத்த தகட்டை நெம்பிப் பிடுங்கி மோகன்ராஜின் காலடியில் எறிந்தான்.

"உங்க ஊட்டுக்காரரையே கேளுங்கம்மா. பிரஸ் பட்டன்ல தீக்குச்சி சொருகனதும் அவருதான், என் கை போனதும் அத்த எடுத்து ஒளிச்சதும் அவருதான்."

மோகன்ராஜின் முகம் செத்துப் போயிற்று. அருணா கட்டிலை விட்டு இறங்கினார்.

"நெசமா?"

மோகன்ராஜ் தலையைக் குனிந்துகொண்டார்.

"இந்தத் தம்பிக்கு நடந்தத நடந்தபடி எழுதிக் குடுங்க. அதுவரைக்கும் இந்த வண்டில என் காலு படாது," என்றார் அருணா.

ஓட்டையை அடைக்கச் சொல்லி அவர் எழுதிக் கொடுத்த காகிதத்தின் பின்பக்கத்தைத் திருப்பி ஜோஷ்வா நீட்டினான். மோகன்ராஜ் எழுதினார். எழுதி முடித்து, "என்ன மன்னிச்சிடுப்பா," என்றார்.

"மன்னிக்கல சார். இன்னும் எரிஞ்சிக்கினுதான் கீறேன். உங்களக் கொல்லணும்னுதான் அந்த ஓட்டைய அடைச்சேன். ஆனா உயிரக் காக்க வச்சத எடுத்துட்டு வேல பாக்கறவன், நீங்களா இருந்தாலும் நானா இருந்தாலும், கொலகாரன்தான் சார். ஓட்ட தொறந்தே கெடக்கட்டும், பத்தரமா போய்ட்டு வாங்க," என்று சாவியை அருணாவின் கையில் வைத்தான் ஜோஷ்வா.