ஓர்ஃபா டீச்சர் அவுட்

ஓக் மேட்டுப் பள்ளிக்கூடத்தில் படிப்பு முடியும் கடைசி நாளன்று அப்பாமார்களுக்கும் பிள்ளைகளுக்கும், மட்டையால் பந்தை அடித்துவிட்டு மூலை மூலையாகச் சுற்றி ஓடிவரும் சாஃப்ட்பால் போட்டி நடக்கும். பிள்ளைகள் ஜெயித்ததாகச் சரித்திரமே கிடையாது. ஆனால் ஓர்ஃபா கைம் அங்கே டீச்சராக வந்த பிறகு, அப்பாமார்கள் போட்டிக்கு முந்தின வாரமே தோளுக்குத் தைலம் தேய்க்க ஆரம்பித்திருந்தார்கள். டீச்சர் பிள்ளைகள் பக்கம் நின்று ஆடுவாள். அவள் வீசும் பந்தை அடிப்பது லேசுப்பட்ட காரியமில்லை.

ஓர்ஃபாவுக்கு இருபத்தெட்டு வயது. அவளோடு படித்த பெண்களுக்கெல்லாம் மூன்று நான்கு பிள்ளைகள். அவளுக்கு முப்பத்தொன்று, எட்டு வகுப்பும் சேர்த்து ஒரே அறையில். காரும் கரண்டும் வேண்டாமென்று பழைய முறையில் வாழும் எங்கள் ஆமிஷ் கிறிஸ்தவ சபையில் பெருமைப்படுவது பாவம். அது தெரிந்தும், காலையில் அத்தனை பிள்ளைகளும் எழுந்து நின்று பாடும்போது அவள் முதுகு தானாக நிமிர்ந்துவிடும்.

அவளைக் கேட்டு ஆள் வராமல் இல்லை. கடைசியாக வந்தவன் எர்வின். எதைச் சொன்னாலும் "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்பான். உறைந்த குளத்தில் காலில் சறுக்குக் கட்டை கட்டிக்கொண்டு பந்தயம் விட்டபோது, கரைக்குப் பத்தடி முன்னால் வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்து அவளை முந்தவிட்டான். அன்றைக்கே அவனை அனுப்பிவிட்டாள். "தோத்துப் போறதுக்கும் கொஞ்சம் முயற்சி பண்ணணும் எர்வின்" என்று சொல்லித்தான் அனுப்பினாள்.

ரூடி ஐக்கர் வந்தது ஜனவரியில். இந்தியானாக்காரன். அக்கா வில்மாவின் புருஷன் மர அறுவை ஆலையில் காலொடிந்து படுத்ததால் உதவிக்கு வந்திருந்தான். அவர்கள் பக்கத்து ஆமிஷ்காரர்கள் குதிரைவண்டிக்குக் கூரை போடுவதில்லை. அக்கா மகள் வெர்னாவைப் பள்ளிக்கு அழைத்து வந்த முதல் நாள், கொட்டுகிற பனியில், ஒரு கையில் கடிவாளமும் ஒரு கையில் பெரிய கறுப்புக் குடையுமாக வந்து இறங்கினான். குடை முழுக்க வெர்னாவின் தலைக்கு மேல். அவன் தொப்பி விளிம்பில் ஒரு சாண் பனி. பிள்ளைகள் ஜன்னலில் ஒட்டிக்கொண்டு சிரித்தார்கள். அவர்களை அதட்டி உட்காரவைத்துவிட்டு, ஓர்ஃபா வாசலுக்குப் போனாள். அவளுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"வண்டிக்குக் கூரை போட மறந்துட்டீங்களா?"

"எங்க ஊர்ல கூரை கிடையாது, டீச்சர். மழை பெஞ்சா நனைவோம், வெயில் அடிச்சா காய்வோம்."

"பனி பெஞ்சா?"

"டீச்சருங்க சிரிப்பாங்க" என்று சொல்லிவிட்டு, தொப்பியைத் தட்டிக்கொண்டு ஏறிப் போய்விட்டான்.

அன்று முதல் சாயங்காலமும் வர ஆரம்பித்தான். வெர்னா ஓடினால் ஐந்து நிமிடத்தில் வீடு. ஊரில் யாரும் இதைக் கவனிக்காமல் இல்லை.

பனி உருகியதும் பிள்ளைகள் பந்தும் மட்டையுமாக வெளியே வந்தார்கள். வெர்னாவுக்கு எட்டு வயது. நன்றாக ஓடுவாள், ஆனால் மட்டையில் பந்து படாது. ஒரு நாள் ஓர்ஃபா அவளுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது வேலிக்கு வெளியிலிருந்து குரல் வந்தது.

"டீச்சர், முழங்கையை அவ்வளவு தூக்கச் சொல்லாதீங்க. அதனாலதான் பந்து மட்டைக்கு அடியில போகுது."

"ஒன்பது வருஷமா நான் இப்படித்தான் சொல்லித் தர்றேன்."

"ஒன்பது வருஷமா தப்பாச் சொல்லித் தர்றீங்க."

அவளுக்குச் சுரீரென்றது. வீட்டுக்குப் போய்க் கொட்டகைக்குப் பின்னால் யாருக்கும் தெரியாமல் முழங்கையைத் தாழ்த்தி மட்டையை வீசிப் பார்த்தாள். மறுநாள் வேலிக்குப் போய், "நீங்க சொன்னது சரி" என்றாள்.

"தெரியும்" என்றான் ரூடி.

அந்த ஒரு சொல்லுக்கு ஞாயிற்றுக்கிழமை வரை அவள் எரிச்சலாக இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை சபையில் ஆண்கள் பக்கம் அவன் எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்று தேடியதும் அவள்தான்.

மே மாதம் போட்டி நாள் வந்தது. மர நிழலில் மேசை போட்டு, பீட்ரூட் சாற்றில் ஊறிய சிவப்பு முட்டையும் கோழி நூடுல்ஸும் புளிப்பு ரூபார்ப் தண்டை மாவுக்குள் வைத்துச் சுட்ட இனிப்பும் வைத்துவிட்டு அம்மாமார்கள் புல்லில் உட்கார்ந்தார்கள். பள்ளியில் தனக்கென்று பிள்ளை இல்லாதவன் என்பதால் ரூடியை அம்பயராகப் போட்டார்கள்.

பள்ளிக் குழுவின் தலைவர் யோஸ்ட் ராபர்தான் அப்பாமார்கள் பக்கம் பந்து வீசுபவர். "டேய் ரூடி, நியாயமாச் சொல்லணும். டீச்சர் சிரிச்சாங்கன்னு தலைகால் புரியாம போயிடாதே" என்றார்.

"அவ சிரிச்சா அவனுக்குப் பந்தே தெரியாது" என்று வில்மா புல்லிலிருந்து குரல் கொடுத்தாள். பெண்கள் எல்லாம் கொல்லென்று சிரித்தார்கள். ரூடியின் காது சிவந்தது.

அன்று பிள்ளைகள் ஆடிய ஆட்டத்தை இன்னும் எங்கள் பக்கத்தில் பேசுவார்கள். கடைசிச் சுற்றில் அப்பாமார்கள் ஒரே ஒரு ஓட்டம்தான் முன்னே. பிள்ளைகள் பக்கம் இரண்டு பேர் அவுட், இன்னும் ஒருவர் அவுட்டானால் ஆட்டம் முடிந்தது. ஓர்ஃபா இரண்டாவது மூலையில் நிற்கிறாள். அவள் ஓடிவந்து கடைசிப் பலகையைத் தொட்டுவிட்டால் சமன். மட்டையோடு வந்து நின்றது வெர்னா. அப்பாமார்கள் ஆளுக்கு நாலடி முன்னே நகர்ந்து வந்தார்கள்.

வெர்னா முழங்கையைத் தாழ்த்தினாள். டொக் என்று ஒரு சத்தம். பந்து யோஸ்டின் தலைக்கு மேலே போய் மக்காச்சோளக் கொல்லையின் ஓரத்தில் விழுந்தது.

ஓர்ஃபா ஓடினாள். வெறுங்கால், ஒரு கையில் பாவாடை, காற்றில் பறக்கும் தொப்பி நாடா. மூன்றாவது மூலையைத் தாண்டும்போது பந்து திரும்பி வருவதைப் பார்த்தாள். பலகையைத் தொடும் முன் பந்து மேலே பட்டால் அவுட். பாய்ந்து சறுக்கினாள். புழுதி எழுந்தது. அதே நேரத்தில் யாரோ பந்தைப் பிடித்து அவள் தோளில் வைத்தார்கள்.

எல்லோரும் ரூடியைப் பார்த்தார்கள்.

"அவுட்."

பிள்ளைகள் போட்ட கூச்சலில் கட்டியிருந்த குதிரைகள் மிரண்டன. "மாமா! இனிமே நீ எங்க வீட்டுல சாப்பிடவே கூடாது!" என்று வெர்னா மட்டையைத் தரையில் அடித்தாள்.

"போச்சு. இவன் கல்யாணமாகாமலே கிழவனாகப் போறான்" என்றாள் வில்மா.

யோஸ்டே மனம் கேட்காமல் அருகில் வந்தார். "டேய், விட்டுக் கொடுத்திருக்கலாமேடா. எங்களுக்கு என்ன குறைஞ்சு போகும்?"

"கால் பலகையில படல, யோஸ்ட்."

ஓர்ஃபா இன்னும் புழுதியில்தான் கிடந்தாள். தன் பெருவிரலைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள். எழுந்து பாவாடையைத் தட்டினாள். டீச்சர் என்ன சொல்லப் போகிறாள் என்று முப்பத்தொரு முகமும் காத்திருந்தது.

"நான் அவுட்தான். அவர் சொன்னது சரி" என்றாள். "ஏன் தலையைத் தொங்கப் போடுறீங்க? உங்க அப்பாக்களுக்கு மூச்சு வாங்குது பாருங்க. இந்தப் பள்ளிக்கூடம் இப்படி ஆடி யாரும் பார்த்ததில்ல. நிமிர்ந்து நில்லுங்க!"

நின்றார்கள். யோஸ்ட் போய் வெர்னாவுக்கு முன்னால் தொப்பியைக் கழற்றினார். பின்னாலேயே மற்ற அப்பாமார்களும் வந்து ஒவ்வொருவராக அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

சாப்பாடு முடிகிற நேரத்தில் ரூடி ஓசைப்படாமல் போய்க் குதிரையைப் பூட்டிக்கொண்டிருந்தான். அவள் அங்கே போனாள்.

"எவ்வளவு தூரம் இருந்துச்சு?"

"ரெண்டு விரக்கடை."

"ஒண்ணரை."

"ரெண்டு." குதிரையின் வாரை இறுக்கிக்கொண்டே, "கோபமா?" என்றான்.

"என்னைத் தேடி வந்தவங்க எல்லாம் என்னை ஜெயிக்கவெச்சாங்க. எனக்கு அவமானமா இருந்துச்சு. இன்னிக்கு அப்படி இல்ல."

ரூடி வாரை இறுக்குவதை நிறுத்தினான். "வாய் வரைக்கும் வேற சொல்லு வந்துச்சு, ஓர்ஃபா. ஆனா அதைச் சொல்லியிருந்தா அப்புறம் உன் மூஞ்சியைப் பார்த்து எதையுமே சொல்ல முடியாது. சொல்லவேண்டியது நிறைய இருக்கு." முதல் தடவையாக அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருந்தான். "வீட்டுல விடட்டுமா?"

எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணும் பையனும் பழகுவது கல்யாண அறிவிப்பு வரை வெளியே தெரியாது. மூடிய வண்டியில், இருட்டிய பிறகு போய்வருவார்கள். இதுவோ கூரையில்லாத வண்டி, பட்டப்பகல். பின்னால் சபை முழுக்க உட்கார்ந்து இனிப்பைத் தின்றுகொண்டிருக்கிறது. ஓர்ஃபா ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். சக்கரத்தில் கால் வைத்து ஏறி, முன் இருக்கையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"டீச்சர் போறாங்க!" என்று ஒரு வாண்டு கத்தியது. யோஸ்டின் கையில் முள்கரண்டி பாதி வழியில் நின்றது. ஓர்ஃபா யாரையும் தவிர்க்கவில்லை. அத்தனை பேருக்கும் கையசைத்துவிட்டுப் போனாள்.

முதல் திருப்பத்திலேயே அவன் கேட்டுவிட்டான். இரண்டாவது திருப்பம் வரை அவனைக் காக்கவைத்துவிட்டு அவள் சரி என்றாள்.

நவம்பரில் ஒரு வியாழக்கிழமை கல்யாணம் நடந்தது. எங்களில் கல்யாணமான பெண்கள் டீச்சராக இருப்பதில்லை என்பதால், பள்ளிக்கு அவளிடமே படித்த பெண் ஒருத்தி டீச்சராக வந்தாள். அடுத்த மே மாதம் பிள்ளைகள் மூன்று ஓட்டத்தில் ஜெயித்தார்கள். புல்லில் அம்மாமார்களோடு உட்கார்ந்திருந்த ஓர்ஃபா, ஐந்து மாத வயிற்றோடு எழுந்து நின்று, தொண்டை கட்டுகிறவரை கத்தினாள். மூப்பர்கள் யாராவது பார்க்கிறார்களா என்று அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.