வீட்டுக்கு வந்து சொல்லாத கூட்டம்

தேவமலருக்குக் கோபம் வந்தால் அது முதலில் சட்டிபானைக்குத்தான் தெரியும். அன்றைக்கு அவள் கழுவிய வேகத்தில் கரண்டி ஒன்று துள்ளிப் பாய்ந்து குளிர்சாதனப் பெட்டிக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. கணவன் மகேந்திரராஜா தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்துவிட்டு, பிழை தன்னுடையதோ என்று மனதுக்குள் ஒருமுறை தேடிப் பார்த்தான். ஒன்றும் அகப்படவில்லை.

"என்னப்பா நடந்தது?"

"யூலியாவை நிப்பாட்டப் போகினமாம்."

மகன் நிசாந் படிக்கிற ஆரம்பப் பள்ளிக்கூடம் ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் வசதி குறைந்த குடும்பங்கள் நெருக்கமாக வாழ்கிற பகுதியில் இருந்தது. அப்படியான பள்ளிகளுக்கென்று பேர்லினில் இருக்கிற மத்திய அரசு தனியாக உதவி கொடுத்தது. அந்த உதவியில்தான் கீழ்மாடியில் பெற்றோருக்கென ஓர் அறை, ஒரு கோப்பி மெஷின், எல்லாவற்றையும் நடத்த யூலியா என்று ஓர் இளம் பெண், எல்லாம் வந்தன. புதன்கிழமை பின்னேரங்களில் தாய் தகப்பன்மார் அங்கே வந்து கோப்பி குடித்துக்கொண்டு பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசலாம். அதற்கு எல்டர்ன்கஃபே என்று பெயர்.

ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்யும் தேவமலருக்கு ஜெர்மன் மொழியான டொச் காய்கறிப் பெயர் அளவில்தான் தெரியும். வகுப்பாசிரியையுடனான சந்திப்பு ஒவ்வொன்றிலும் சிரித்துச் சிரித்துத் தலையாட்டிவிட்டு வருவாள். கஃபேயில் தன்னிடமும் அப்படியே ஆட்டியபோது, "தலையாட்டினீர்களே, நான் என்ன சொன்னேன், சொல்லுங்கள் பார்ப்போம்" என்று முதன்முதலில் மடக்கியவள் யூலியாதான். தேவமலர் திருதிருவென்று விழித்தாள். பிறகு இரண்டு பேருமே விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதற்குப் பின்பு ஆசிரியையிடம் போகும்போதெல்லாம் யூலியா பக்கத்தில் இருந்தாள், ஆனால் வாயைத் திறக்க மாட்டாள். "நீங்கள்தான் அவனுடைய அம்மா, நீங்கள் பேசுங்கள்" என்பாள். பிழைபிழையாகப் பேசிப் பேசியே தேவமலருக்கு அந்த வளாகத்தில் பயம் போனது. யூலியா போனால் திரும்பவும் தலையாட்டுகிற காலம் வந்துவிடும்.

பள்ளி அதிபரில் குறை சொல்லவும் முடியாது. கஃபேக்கு வந்தது தேவமலர், ஒரு சிரியத் தாய், கோப்பிக்காகவே வருகிற ஒரு போலந்துத் தகப்பன், அவ்வளவுதான். யாருமே வராத அறைக்கு ஆள் எதற்கு, பிள்ளைகளுக்கு மதிலேறி விளையாட ஒரு ஏறுசுவர் கட்டலாமே என்று அதிபர் கேட்டார். முடிவெடுக்க முன்னர் இன்னும் ஒரேயொரு புதன்கிழமை பார்ப்பதாகவும், அன்றைக்கு அறை நிறைந்தால் யூலியா இருக்கலாம் என்றும் சொல்லிவிட்டார்.

"எத்தினை கடிதம் அனுப்பினவை. எங்கட சனம் போகேல்லைத்தானே" என்றான் மகேந்திரராஜா.

"பிள்ளையின்ர பைக்குள்ள வாழைப்பழத்தோலோட நசிஞ்சு கிடந்த கடிதத்துக்கு ஆர் வெளிக்கிட்டுப் போவினம்? உங்கட சித்தப்பாவின்ர மகன் கலியாணக் கார்ட்டைத் தபாலில அனுப்பினவன் எண்டு நீங்கள் போனனீங்களோ?"

மகேந்திரராஜாவும் போகவில்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. தேவமலருக்கோ அந்த நிமிடத்தில்தான் மண்டையில் விளக்கெரிந்தது. பள்ளிக்கூடம் அத்தனை மொழிகளிலும் அச்சடித்து அனுப்பியதே தவிர, ஒருவர் வீட்டுக் கதவையும் தட்டவில்லை! வீட்டுக்கு வந்து சொல்லாத விசேஷத்துக்கு யாழ்ப்பாணத்து ஆட்கள் போனதாகச் சரித்திரமே கிடையாது.

சனிக்கிழமை அவள் சேலை உடுத்து, பொட்டு வைத்து, யூலியாவையும் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் புறப்பட்டாள். கதவு திறந்ததும் அழைப்பைக் கையில் கொடுத்து, "புதன்கிழமை பள்ளிக்கூடத்தில ஒரு விசேஷம், குடும்பமாக் கட்டாயம் வரவேணும்" என்பாள். யூலியா, தான் மாட்டுப்பால் குடிப்பதில்லை, சீனி சேர்ப்பதில்லை என்று முதல் வீட்டில் விளக்கிப் பார்த்தாள். பாலும் சீனியும் கலந்த தேத்தண்ணீர் வந்தது. வேண்டாம் என்று சொன்ன பொரித்த ரோல்ஸ் இரண்டு மடங்காக வந்தது. நாலாவது வீட்டில் அவள் பேசுவதை நிறுத்திவிட்டுத் தின்னத் தொடங்கினாள். சிரியத் தாயும் தன் பங்குக்குத் தன் ஆட்களின் வீடுகளுக்கு நடந்துகொண்டிருந்தாள்.

எல்லாரும் வருவதாகத்தான் சொன்னார்கள். ஆனால் எல்லாரும் ஒரே கேள்வியையும் கேட்டார்கள்: "சயந்தினியக்காவுக்குச் சொல்லியாச்சோ?"

அங்கேதான் வில்லங்கம். சயந்தினி மணப்பெண் அலங்காரம் செய்கிறவள். அவள் தலை தெரியாத விசேஷம் அந்த ஊரில் விசேஷமே இல்லை. அவள் மகளும் நிசாந்தின் வகுப்புத்தான். ஆனால் தேவமலருக்கும் அவளுக்கும் பேச்சுவார்த்தை நின்று வருடக்கணக்காகிறது. பள்ளி வாசலில் எதிர்ப்பட்டால் ஒருத்தி மரத்தைப் பார்ப்பாள், மற்றவள் மணிக்கூட்டைப் பார்ப்பாள்.

"ஏன் அந்த வீட்டுக்கு மட்டும் போகவில்லை?" என்று யூலியா கேட்டாள்.

"புதுவீட்டுக் குடிபூரலுக்கு அவள் என்னை வட்சப்பில் அழைத்தாள். நேரில் வரவில்லை."

"அப்படியென்றால் அழைத்தாள்தானே?"

"அழைத்தாள்."

"அதனால் கோபம்?"

டொச்சில் சொன்னபோது அந்த மானப் பிரச்சினை தேவமலருக்கே கொஞ்சம் விசர்த்தனமாகத்தான் கேட்டது. இருந்தாலும் மானம் மானம்தான். அந்த வாசலில் போய் நிற்பதைவிட அதிபரின் ஏறுசுவரில் தானே சேலையோடு ஏறிக் காட்டலாம் போலிருந்தது அவளுக்கு. பிறகு அவள் யூலியாவைப் பார்த்தாள். பாவம், கோட்டுப் பொத்தானைக் கழற்றிவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். இவளுக்காகக் கொஞ்சம் மானம் போனால்தான் என்ன?

சயந்தினி கதவைத் திறந்தாள்.

"ஆரிது! வழி மாறி வந்திட்டீரோ?"

"இல்லையக்கா. உங்களிட்டைத்தான் வந்தனான்." தேவமலர் அழைப்பை இரண்டு கையாலும் நீட்டினாள். விஷயத்தை ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். சயந்தினி அழைப்பை வாங்கினாள், ஆனால் வாசிக்கவில்லை.

"நான் குடிபூரல் நேரம் கால் முறிஞ்சு கட்டோட கிடந்தனான். உம்மட வீடு மூண்டாம் மாடி. லிப்டும் இல்லை."

"எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே அக்கா."

"நீர் கேக்கேல்லையே."

தேவமலருக்கு முகம் சுருங்கிவிட்டது. காலொடிந்து கிடந்த ஒருத்தியோடு இத்தனை வருடம் தான் கோபம் கொண்டாடியிருக்கிறோம் என்று வெட்கமாக இருந்தது. கண் கலங்கியதை மறைக்கத் தெரியாமல் நின்றாள். சயந்தினி அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"சரி சரி, வாசல்ல நிண்டு அழாதையும். அந்தப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாரும். சாப்பிட்டுட்டுப் போகலாம்."

யூலியாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் சாப்பாடு என்பது மட்டும் அதற்குள் விளங்கத் தொடங்கியிருந்தது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

புதன்கிழமை அறை நிறையவில்லை, வழிந்தது. பட்டுச்சேலையும் கோட்டுசூட்டுமாகக் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். துருக்கியர், அரபிகள், எல்லாரும் வந்தார்கள். விசேஷத்துக்கு வெறுங்கையோடு வரலாமா என்று யாரோ பளபளத்த தாளில் சுற்றிய சுவர்க்கடிகாரத்தை அதிபர் கையில் திணித்துவிட்டார்கள். அரசாங்க உத்தியோகத்தர் பரிசு வாங்கக்கூடாது என்று அவர் சொல்லச் சொல்ல அதற்குமேல் ஒரு தட்டுப் பெட்டியும் ஏறியது.

அதிபர் அசந்துதான் போனார். ஆனாலும் அவர் ஆள் லேசுப்பட்டவர் இல்லை. "வந்தது சந்தோஷம். இந்தப் பள்ளியிடம் நீங்கள் எதிர்பார்ப்பது என்ன, சொல்லுங்கள்" என்றார்.

ஒருவரும் எழும்பவில்லை. விசேஷ வீட்டில் எழும்பி நின்று பேசுகிற வழக்கம் நம் ஆட்களுக்கு ஏது? எல்லாரும் மரியாதையாகச் சிரித்தபடி தலையாட்டினார்கள். சிலர் ரோல்ஸ் தட்டைப் பார்த்தார்கள். அதிபர் நேரத்தைப் பார்த்தார். யூலியாவின் முகம் வெளிறியது. அவள் தேவமலரைப் பார்த்தாள், ஆனால் வாயைத் திறக்கவில்லை.

தேவமலர் எழும்பினாள்.

"நாங்கள் தலையாட்டுகிறோம். விளங்கியதால் இல்லை. விளங்காததால். என் மகன் கணக்கில் கெட்டிக்காரன். ஆனால் நாலாம் வகுப்பு முடிய அவனைக் கிம்னாசியத்துக்கு அனுப்புவீர்களா இல்லையா என்று நீங்கள் முடிவெடுக்கும்போது என்னிடம் எப்போது கேட்பீர்கள்?"

டொச் வாக்கியத்தில் சில சொற்கள் இடம்மாறி நின்றன. ஆனால் பல்கலைக்கழகம் வரை கொண்டுபோகிற அந்தப் பள்ளியைத்தான் கேட்கிறாள் என்பது ஒருவருக்கும் விளங்காமல் போகவில்லை.

"அதுதானே!" என்று சயந்தினி எழும்பினாள். அவ்வளவுதான், அணை உடைந்தது. மதியச் சாப்பாடு ஏன் ஆறிப்போய் வருகிறது, கழிவறைக் கதவு ஏன் பூட்டுப்படுவதில்லை, வீட்டுப்பாடத்துக்கு ஏன் உதவி இல்லை என்று நாலா பக்கமிருந்தும் கேள்விகள் பறந்தன. யூலியா ஓடியோடி அரைகுறை டொச்சை அதிபருக்கு விளங்கும்படி நேராக்கினாள். அதிபர் பதில் சொல்லிச் சொல்லிக் களைத்து, பிள்ளைகளுக்கான குட்டிக் கதிரை ஒன்றில் சுவர்க்கடிகாரத்தை மடியில் வைத்தபடி உட்கார்ந்துவிட்டார்.

"யூலியா எங்கேயும் போகப் போவதில்லை. உங்களோடு தனியாக இருக்க என்னால் முடியாது" என்றார்.

"அப்படியென்றால் ஏறுசுவர்?" என்று கேட்டார் போலந்துத் தகப்பன்.

"பிள்ளைகள் மரத்தில் ஏறட்டும்."

தேவமலர் அதைத் தமிழில் சொன்னதும் அறையே சிரித்தது. அவளுக்கு யூலியாவைக் கட்டிப்பிடித்து ஒரு பாட்டம் அழவேண்டும் போலிருந்தது. ஆனால் பின்வரிசையில் இன்னும் ஏழெட்டுக் கைகள் உயர்ந்தபடி நின்றன. யூலியா ஒரு பக்கத்தைக் காட்ட, தேவமலர் மறுபக்கம் போனாள்.