கோழிக்குப் பிறகு

1

இந்தக் கதை ஒரு பாட்டிலிலிருந்து தொடங்கியது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு "மறைத்துவிட்டாயே" என்று என்னைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். பள்ளிக் குழந்தைகளுக்கு உணவுச் சங்கிலி பற்றி ஒரு கதைப்பாடம் எழுதித் தர ஒப்புக்கொண்டிருந்தேன். எதற்கு எங்கோ தேட வேண்டும்? வீட்டுக்குப் பின்னாலேயே கீரைப் பாத்தி இருந்தது, வெட்டுக்கிளி இருந்தது, நான்கு கோழிகள் இருந்தன. முட்டை சாப்பிட என் தங்கையும் இருந்தாள், ஏழு மாத வயிற்றோடு.

முதல் தொடக்கம்: "சூரியன் ஒரு நல்ல சமையல்காரர்..." [அடித்துவிட்டேன். சூரியன் எங்கே சமைக்கிறது? இலைதான் சமைக்கிறது.]

இரண்டாவது: "இலை வெயிலைச் சேர்த்து வைக்கிறது. வெட்டுக்கிளி இலையைத் தின்கிறது. கோழி வெட்டுக்கிளியைத் தின்கிறது. கோழிக்குப் பிறகு

[இங்கேதான் நிற்கிறேன். மூன்று நாளாக.]

2

விஷயம் இதுதான். மூன்று வாரம் முன்பு வெட்டுக்கிளிகள் கீரையை மொட்டையடித்துவிட்டன. எனக்கு வந்ததே கோபம்! சாமான் அறையில் பழைய பூச்சிமருந்து பாட்டில் ஒன்று கிடந்தது. லேபிள் கிழிந்திருந்தது. முகர்ந்து பார்த்தேன், தண்ணீரில் கலந்தேன், தெளித்துவிட்டேன். மறுநாள் செத்து விழுந்த வெட்டுக்கிளிகளைக் கோழிகள் பொறுக்கித் தின்றன. நான் வேலியில் சாய்ந்து ரசித்தேன். பாடத்துக்கு நல்ல காட்சி என்று குறிப்பு வேறு எழுதிக்கொண்டேன், முட்டாள்.

(பாடத்துக்காகப் படித்தது: ஒவ்வொரு படியிலும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஆற்றல்தான் மேலே போகிறது. மிச்சமெல்லாம் குதித்தும் கத்தியும் ஓடியும் சூடாகத் தீர்ந்துவிடும். அதோடு புத்தகத்தை மூடியிருக்க வேண்டும். அடுத்த பத்தியையும் படித்துத் தொலைத்தேன். சில நஞ்சுகள் அப்படித் தீருவதில்லையாம். உடம்பிலேயே தங்கி, படிக்குப் படி சேர்ந்துகொண்டே போகுமாம். என் பாட்டிலில் இருந்தது அந்த வகையா? தெரியாது. லேபிள்தான் இல்லையே.)

3

நான்கு நாளுக்கு முன் கறுப்புக் கோழி செத்துக் கிடந்தது. யாரும் பார்க்கும் முன் புதைத்தேன். தங்கையிடம் சொல்ல ஒரு கதாபாத்திரத்தை உண்டாக்கினேன்.

"பூனை தூக்கிட்டுப் போயிடுச்சு."

"நம்ம தெருவுல ஏதுண்ணா பூனை?"

"சாம்பல் கலர். பெருசு."

"ஒரு இறகுகூட விழாமயா தூக்கிட்டுப் போச்சு? நல்லா விடுற கதை!"

இவ்வளவு கறாரான வாசகி எனக்கு இதுவரை கிடைத்ததில்லை. [பூனையின் வால், நடை என்று இன்னும் இரண்டு வரி எழுதியிருந்தேன். வெட்கமாக இருந்தது, நீக்கிவிட்டேன்.]

அன்றிலிருந்து அவள் எழும் முன்பே முட்டைகளை எடுத்துக் குழியில் போட்டு மூடுகிறேன். கோழிகள் முட்டை போடுவதை நிறுத்திவிட்டன என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஆனால் அதற்கு முன் பதினேழு நாள் தின்றிருக்கிறாளே!

ஏன் இன்னும் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். ஏற்கெனவே இரண்டு முறை அவளுக்குக் கரு தங்கவில்லை. இந்த முறை, அண்ணன் வீட்டில் இருந்தால் நிம்மதி என்று வந்திருக்கிறாள். அந்த நிம்மதியைக் கெடுக்க வேண்டாம் என்றுதான்... [பொய். அவள் முகத்தைப் பார்க்கப் பயம், அவ்வளவுதான்.]

4

முடிவு அ: கோழிகளை யாருக்காவது கொடுத்துவிடுகிறேன். குழந்தை நன்றாகப் பிறக்கிறது. [யாருக்குக் கொடுப்பேன்? அந்த வீட்டிலும் ஒரு தங்கை இருப்பாள்.]

முடிவு ஆ: மருந்து வீரியம் போன மருந்து. கறுப்புக் கோழி வயதாகிச் செத்தது. [இருக்கலாம். அதை நம்பிக்கொண்டு எப்படி உட்கார்ந்திருப்பது?]

முடிவு இ: [எழுதக் கை வரவில்லை.]

அரைகுறையாக அனுப்பிவைத்த பாடத்தைப் பார்த்துவிட்டுப் பதிப்பகத்து அம்மா போன் செய்தார். "என்ன சார், கடைசி வரியை விட்டுட்டீங்க? கோழிக்குப் பிறகு மனிதர்னு நானே போட்டுக்கட்டுமா?"

"போடாதீங்கம்மா!" என்று கத்திவிட்டேன். அவர் பயந்துபோய் வைத்துவிட்டார்.

5

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே தங்கை உள்ளே வந்துவிட்டாள். கையில் தட்டு. தட்டில் அவித்த முட்டை இரண்டு.

"முட்டையே போடலன்னு சொன்னியேண்ணா! பாரு, பழைய சைக்கிளுக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சிருக்கு கள்ளி. ஒண்ணு உனக்கு, ஒண்ணு எனக்கு." மூச்சு வாங்க உட்கார்ந்தாள். வயிற்றைத் தடவினாள். "காலையிலேருந்து துரை உதைக்கவே இல்ல. பசி போல."

தட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"ரெண்டும் உனக்கேவா?" சிரிக்கிறாள்.

வாயைத் திறந்தால் குரல் வரவில்லை. எழுத மட்டும்தான் வருகிறது. வாசகரே, மன்னித்துவிடுங்கள். இந்தத் தாள் இனி உங்களுக்கு இல்லை. இதை அவள் பக்கம் தள்ளப்போகிறேன்.

6

தங்கச்சி, பூனை கிடையாது. மற்றது எல்லாம் நிஜம். டாக்டரிடம் காட்ட அந்தப் பாட்டிலைப் பையில் எடுத்து வைத்திருக்கிறேன். செருப்பைப் போட்டுக்கொள், இப்போதே கிளம்புவோம். வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே வா.

பாடத்தின் கடைசி வரியை நான் தொடவில்லை. திரும்பி வந்து நீ எழுது.

கோழிக்குப் பிறகு