ஆறு வாரத்துக்குப் பதினைந்து லிட்டர்

என் புருஷன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் நமக்கு நாக்குத் தள்ளிவிடும். வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர். சுவரையே பார்த்துக்கொண்டிருந்து அவரும் சுவராகிப் போனார் என்று நான் சொல்வதுண்டு. அதற்கும் சிரிக்க மாட்டார்.

போன வாரம் என் தையல் கடைப் படியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். மாவுக்கட்டு பிரிக்க இன்னும் ஆறு வாரம். சமையலை எப்படியோ ஒப்பேற்றினோம். தலைதான் பெரிய பாடாகிவிட்டது. எனக்கு இடுப்பைத் தொடும் முடி. கடை ஷாம்பூ பட்டால் மண்டையெல்லாம் கொப்பளித்துவிடும். அதனால் பல வருஷமாக நானேதான் வாரம் ஒரு சொம்பு காய்ச்சிக்கொள்கிறேன். பூந்திக்கொட்டை, சீயக்காய், கொஞ்சம் வெந்தயம், கைப்பிடி செம்பருத்தி இலை, அவ்வளவுதான். அதை ஒரு கையால் காய்ச்சி, வடிகட்டி, தேய்த்து, அலச முடியுமா? பத்து நாளாகத் தலையில் தண்ணீர் படவில்லை. அரிப்பில் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது.

"இங்க வந்துடுடி. எனக்கு ரெண்டு மருமக இருக்காங்க, மாத்தி மாத்தித் தேச்சு விடுவாங்க. கட்டு பிரிச்சப்புறம் போனாப் போதும். ஞாயித்துக்கிழமை கார் அனுப்பறேன்" என்றாள் அக்கா, போனில்.

அவரிடம் சொன்னேன். "சரி, உன் இஷ்டம்" என்றார்.

இந்த "உன் இஷ்டம்" இருக்கிறதே, அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இருபத்திரண்டு வருஷம் சேர்ந்து குடித்தனம் பண்ணியாயிற்று. பிள்ளை குட்டி கிடையாது, நாங்கள் ரெண்டே பேர். போகாதே என்று ஒரு வார்த்தை சொன்னால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்? அந்த ஒரு வார்த்தை வந்திருந்தால் அரிப்போடு அரிப்பாக இங்கேயே கிடந்திருப்பேன். வெள்ளிக்கிழமை முழுக்க அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. பெட்டியில் துணி எடுத்து வைத்தேன். ஜிப் போட ஒரு கை போதவில்லை. அதற்கு மட்டும் வந்து பிடித்துக்கொடுத்தார், மகராசன்.

சனிக்கிழமை காலை வலி மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தவள், எழுந்திருக்கும்போது மணி பதினொன்று. வேலைக்குப் போயிருப்பார் என்று நினைத்தேன். வீடெல்லாம் சீயக்காய் வாசனை. சமையலறையில் மனுஷன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் ஒரு புது பெயிண்ட் வாளி. அதன் வாய்க்குப் பெயிண்ட் வடிகட்டும் வலையைக் கட்டி, குண்டானிலிருந்து பழுப்பாக எதையோ ஊற்றிக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது?"

"ஷாம்பூ."

"யாருக்கு, யானைக்கா?"

ஒரு குச்சியை விட்டுத் தூக்கிப் பார்த்தார். குழம்பு நிதானமாக இறங்கியது. கண்ணில் ஒழுகாமல் இருக்க ஆளி விதையும் சேர்த்துக் காய்ச்சினாராம். பெயிண்ட் தண்ணியாக இருந்தால் வழியும், கெட்டியாக இருந்தால் இழுக்கும், இதுதான் பதம் என்றார்.

"என்ன என்ன போடணும்னு யாரு சொன்னா?"

"வாராவாரம் நீ காய்ச்சறதப் பாக்கறேன்ல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த மனுஷன் அதையெல்லாம் பார்த்தாரா?

"அதுக்காக ஒரு வாளியா?"

"வாரத்துக்கு ரெண்டு தடவை. ஆறு வாரத்துக்குப் பன்னெண்டு. ஒரு தடவைக்கு ஒரு லிட்டர். சேதாரம் மூணு வச்சுப் பதினஞ்சு. நாலு தடவையாக் காய்ச்சி ஒண்ணாக் கலந்துட்டேன். ஒரு வீட்டுக்கு ஒரே கலவைதான் போடணும். அப்பப்பக் கலந்தா ஷேடு மாறிடும்."

ஆறு வாரம். நாளைக்கு நான் கிளம்புகிறேன், இவர் ஆறு வாரத்துக்குக் கலந்து வைத்திருக்கிறார். ஆனால் என் வாய் சும்மா இருக்குமா?

"இது நாலு நாள்ல புளிச்சிடும். ஃபிரிட்ஜுல வச்சாலும் ஒரு வாரம். அதுக்குத்தான் நான் ஒரு சொம்பு மட்டும் காய்ச்சறேன்."

வாளியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முகம் சுண்டிப் போயிற்று. இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாமே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

"இன்னிக்கு நல்லாத்தானே இருக்கு?" என்றார். "வா, தேச்சு விடறேன்."

குளியலறையில் முக்காலி போட்டு உட்கார வைத்தார். மாவுக்கட்டுக்குப் பிளாஸ்டிக் பை கட்டினார். அடுத்து, பெயிண்ட் படாமல் இருக்க ஜன்னல் ஓரங்களில் ஒட்டும் மாஸ்கிங் டேப்பைக் கிழித்து என் நெற்றிக்குக் கொண்டுவந்தார்.

"நான் என்ன உங்களுக்கு ஜன்னலா?"

"ஓரம் கட்டலன்னா கண்ணுல இறங்கும்."

"துண்டை மடிச்சுக் கட்டுங்க சாமி."

கட்டினார். ஊற்றினார். நுரை அதிகம் வராது, அது அப்படித்தான். ஆனால் அந்த விரல்கள் இருக்கின்றனவே! சாயங்காலம் வேலை முடிந்து வந்தால் இவர் அரை மணி நேரம் பிரஷ் கழுவுவார். உள்ளங்கையில் வைத்து அழுத்தி, அடியிலிருந்து நுனி வரைக்கும் நீவி நீவி, ஒரு மயிர் உதிராமல். அந்தப் பிரஷ்களைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்திருக்கிறது. இன்றைக்கு அதே மாதிரி என் தலையை, அவசரமே இல்லாமல், வேரிலிருந்து நுனிக்கு. பத்து நாள் அரிப்பு இறங்கியது. கண்ணை மூடிக்கொண்டேன். முகத்தைப் பார்க்காவிட்டால் கேட்பது சுலபமாக இருந்தது.

"ஏங்க, போகாதன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

கை நின்றது. சொம்பைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"கை ஒடிஞ்சு கிடக்கற. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இருன்னு சொல்றது? எனக்குச் சோறு பொங்கிப் போடத்தான் நிறுத்தறேன்னு நெனச்சிடுவியோன்னு இருந்துச்சு. முதல்ல உன் தலைய அலசக் கத்துக்கலாம், அப்புறம் கேக்கலாம்னு நெனச்சேன்."

மூடிய கண்ணை இன்னும் இறுக்கிக்கொண்டேன். திறந்தால் அழுதுவிடுவேன்.

"இப்பக் கேக்கறேன்" என்றார். "போகாத."

அழுதுவிட்டேன். எரியுதா எரியுதா என்று பதறி, முகத்தில் சொம்பு சொம்பாகத் தண்ணீரை அடித்தார். மூச்சு முட்டியது. எரியலைங்க, விடுங்க என்று நான் கத்திய பிறகுதான் நிறுத்தினார்.

"அக்காகிட்ட நீங்களே சொல்லுங்க. என்னால முடியாது" என்றேன். எங்கள் வீட்டு ஆட்களோடு போனில் பேசு என்றால் தலைதெறிக்க ஓடுகிற மனுஷன். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு என் போனை எடுத்தார். வாசற்படியில் நின்று, ஏதோ வேலை கேட்டு வந்தவர் போலத் தொண்டையைச் செருமினார்.

"நான்தாங்க பேசறேன். நாளைக்குக் கார் வேண்டாம்."

அக்கா என்னவோ கேட்டாள்.

"இல்லைங்க, அவ நல்லா இருக்கா. அவ வந்துடுவா. எனக்குத்தான் அவ இல்லாம முடியாது."