ஆர்ட்டின் எட்டின் அலைச்சல்

எண்பத்தாறு தாள் வந்தது. எண்பத்தாறிலும் ஒரே சங்கதிதான். ஆர்ட்டின் எட்டை மூன்றாம் வரிசையிலிருந்து ஐந்தாம் வரிசைக்கு வை. ஐந்திலிருந்து மூன்றுக்கு வை. மெட்ராஸ் கம்ப்யூட்டரில் எனக்குக் கிடைத்த ஐந்து நிமிடத்தையும் அந்த ஒற்றைச் சீட்டு அலைந்தே தின்றுவிட்டது. புரோகிராம் எழுதிய புண்ணியவதி நான்தான்.

1974. காரைக்குடியில் ஒரு கல்லூரியில் கணக்கு டியூட்டராக இருந்தேன். புரோகிராமைத் துளையிட்ட அட்டைகளாக ரயிலில் மெட்ராஸுக்கு அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருப்போம். எங்கள் துறைத் தலைவர் ஞானசம்பந்தம் சார் தனியாக உட்கார்ந்து சீட்டாடுகிறவர். ஆறு வருஷமாக ஒரே ஆட்டம். சீட்டு விழுந்த வரிசையை நோட்டில் குறித்துவைத்து, அதே மாதிரி அடுக்கி அடுக்கித் தோற்பார். கலைக்கவே மாட்டார். அதை ஜெயிக்க வழி கண்டுபிடித்தால் மாதாமாதம் எனக்குக் கம்ப்யூட்டர் நேரம், இல்லையென்றால் பழையபடி மார்க் கூட்டல் என்று சொல்லிவிட்டார். எண்பத்தாறு தாளையும் பார்த்துவிட்டு, கடைசியாக இன்னொரு ஐந்து நிமிடம் தந்தார்.

போன சீட்டு திரும்பவே கூடாது என்று எழுதிவிடலாம். ஆனால் சில நேரம் திரும்பினால்தான் ஆட்டம் நகரும். எனக்கு மண்டை காய்ந்தது.

வீட்டில் வேறொரு கூத்து. பெருநாளைக்கு அம்மா ஒரு தூக்குவாளியில் வட்டலப்பம் வைத்து, பக்கத்து வீட்டு சிட்டாள் ஆச்சிக்குக் கொடுத்துவிட்டாள். வெறும் பாத்திரத்தைத் திருப்பலாமா? சீப்புச்சீடையோடு வந்தது. அம்மா மட்டும் லேசுப்பட்டவளா? சமோசாவோடு போனது. மாவுருண்டையோடு வந்தது. நாலு நாளாகச் சுமந்தது நான்.

ஐந்தாம் நாள் ஆச்சிக்கே அலுத்துவிட்டது.

"தூக்கு இங்கனயே கெடக்கட்டும் ஆத்தா. தீவாளிக்குப் பலகாரம் சுடுவேன்ல, அப்பத் தாரேன். அதுவரைக்கும் சும்மா என்னத்துக்கு அங்குட்டும் இங்குட்டும் அலையுறீக?"

அங்கேயே நின்று சிரிக்க ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. விட்டுப்போன வரிசை, போய்ச் சேர்ந்த வரிசை இரண்டில் ஒன்றிலாவது, தீவாளிப் பலகாரம் மாதிரி, புதுசாக ஒன்று நடந்திருந்தால் ஒழிய, போன சீட்டு திரும்பக் கூடாது. அவ்வளவுதான் விதி. பிள்ளைக்குக் காத்துக்கருப்பு அடித்துவிட்டதோ என்று ஆச்சி திருநீறு தேடப் போனார். நான் வீட்டுக்கு ஓடிவந்து எழுதினேன்.

இந்தத் தடவை வந்தது ஒரே தாள். நாலு நிமிடத்தில் எல்லா வழியையும் பார்த்து முடித்துவிட்டது. பதில்: வழி இல்லை.

ரயில்வே பார்சல் ஆபீஸில் ஒரு குதி குதித்தேன். அப்புறம்தான் உறைத்தது. சார் கேட்டது வழியை. இதைக் கொண்டுபோய் எப்படி நீட்டுவது?

அவர் தாளை மூன்று முறை படித்தார்.

"எல்லா வழியும் பாத்துருச்சா?"

"பாத்துருச்சு சார். ஒண்ணுகூட விடல."

"அப்ப இத்தனை வருசமா நான் தப்பா ஆடலை."

அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் கண்டதில்லை. சீட்டுகளை வாரி எடுத்துக் கலைத்தார். ஆறு வருஷமாகக் கலைக்காத கை; பாதிச் சீட்டு மேஜைக்கடியில் பறந்தது. இரண்டு பேரும் மண்டிபோட்டுப் பொறுக்கினோம். எனக்கு மறுபடி சிரிப்பு. அவருக்கும் தொற்றிக்கொண்டது.

மேஜைக்கடியிலிருந்தே சொன்னார்: "புதுசா அடுக்குறேன், வரிசையைக் குறிச்சுக்க ஆபிதா. அடுத்த மாச அஞ்சு நிமிசத்துக்கு."