பிரேக்கைத் தேடிய கால்

ராமநாதபுரத்திலிருந்து திருப்புல்லாணி வழியாகச் சேதுக்கரைக்குப் போகும் தனியார் பேருந்தைப் பாண்டித்துரை வெறுங்காலோடுதான் ஓட்டுவார். கிளட்ச் எங்கே பிடிக்கிறது, பிரேக் எவ்வளவு இறங்குகிறது என்பதைப் பாதமே சொல்லிவிடும். அமாவாசைக் கூட்டத்திலும் வண்டி குலுங்காது. அவர் வண்டி என்றால் வயதானவர்கள் காத்திருந்து ஏறுவார்கள்.

அந்தப் பாதங்கள்தான் முதலில் எரிந்தன. பிறகு மரத்துப்போயின. டீக்கடையிலிருந்து திரும்பும்போது ஒரு செருப்பு வழியிலேயே கழன்றுவிட, அது தெரியாமல் பேருந்துவரை நடந்து வந்திருக்கிறார். கண்டக்டர் தாஹாதான் போய் எடுத்துவந்தார்.

ராமநாதபுரத்தில் பார்த்த முதல் டாக்டர் ரத்தம் எடுக்கச் சொன்னார். சர்க்கரை இல்லை, கவலைப்பட ஒன்றுமில்லை என்றார். அடுத்தவர் வயதாகிறது என்றார். எரிச்சலில் தூக்கம் வரவில்லை என்று சொன்னபோது, மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்று தூக்க மாத்திரை எழுதினார். பாண்டித்துரை மரத்துப்போனதைச் சொல்ல ஆரம்பிப்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். வீட்டில் மனைவி சேதுலட்சுமிக்கே அவர் சொல்வதில் பாதி நம்பிக்கைதான் இருந்தது.

சேதுக்கரைத் திருப்பத்தில் ஒருநாள் ஆடுகள் குறுக்கே வந்தன. பாண்டித்துரை பிரேக்கை மிதித்தார். வண்டி நிற்கவில்லை. குனிந்து பார்த்தால், கால் பிரேக்குக்குப் பக்கத்தில் வெறும் தகரத்தை அழுத்திக்கொண்டிருந்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து நிறுத்தினார். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. குடித்திருக்கிறாரா என்று ஒருவர் கிட்ட வந்து மோந்து பார்த்தார். பாண்டித்துரை இறங்கிச் சாவியைத் தாஹாவிடம் கொடுத்தார்.

"வேற டிரைவரை வரச்சொல்லுப்பா. இனிமே நான் ஓட்ட மாட்டேன்."

அதன்பிறகுதான் சேதுலட்சுமி அவரை மதுரைக்குக் கூட்டிப்போனாள். அங்கிருந்த பெண் டாக்டர் முதலிலிருந்து சொல்லச் சொன்னார். குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு, "செருப்பு கழண்டா தெரியுதா?" என்றார்.

பாண்டித்துரை மனைவியைத் திரும்பிப் பார்த்தார். சேதுலட்சுமிதான் பதில் சொன்னாள்.

"தெரியாது டாக்டரம்மா. விட்டுட்டு வந்துருவாரு."

நரம்புகளைச் சோதித்துப் பார்த்ததில் பாதிப்பு தெளிவாகத் தெரிந்தது. பாண்டித்துரை சொன்னதில் எதுவும் மனப்பிரமை இல்லை என்றார் டாக்டர். மருந்தில் எரிச்சல் குறையும், போன உணர்ச்சி திரும்புவது சந்தேகம்தான் என்பதையும் மறைக்கவில்லை. கெட்ட செய்திதான். ஆனாலும் ஊர் திரும்பும்போது பேருந்தில் பாண்டித்துரை அயர்ந்து தூங்கினார்.

எரிச்சல் பாதியாகக் குறைந்தது. மரத்தது மரத்ததுதான். பாதத்தில் காயம் இருக்கிறதா என்று தினமும் சேதுலட்சுமி பார்க்கிறாள்.

தை அமாவாசைக்கு இருவரும் பயணிகளாகச் சேதுக்கரைக்குப் போனார்கள். ஓட்டியது ஒரு புது டிரைவர். திருப்புல்லாணி தாண்டியதும் பாண்டித்துரை மெதுவாகப் பேச ஆரம்பித்தார்.

"விடியக்காலைல இஞ்சினை ஸ்டார்ட் பண்ணுனா உள்ளங்கால்ல ஒரு சிலுசிலுப்பு வரும். அப்படியே முழங்கால் வரைக்கும் ஏறும். அது இருந்தாத்தான் எனக்குப் பொழுது விடிஞ்ச மாதிரி."

இத்தனை வருடத்தில் அவர் இதைச் சொன்னதே இல்லை. சேதுலட்சுமி அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"மழை நாள்ல எப்படி இருக்கும்?" என்று கேட்டாள்.

கடல் தெரியும்வரை அவர் சொல்லிக்கொண்டே வந்தார்.